வியட்நாம் வீட்டுச் சாப்பாடு: எதில் தொடங்குவது, எந்த வரிசையில் சமைப்பது, எப்படிச் சாப்பிடுவது

வியட்நாம் சமையலைக் கற்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் நேராக ஃபோ என்ற நூடுல்ஸ் சூப்பில் கை வைக்கிறார்கள். அது கடைசியாக வர வேண்டிய பாடம். முதலில் வர வேண்டியது தொட்டுக்கொள்ளும் சாறு.

காரணம் இருக்கிறது. வியட்நாம் வீடுகளில் ருசி பாதி அடுப்பிலும் பாதி சாப்பிடும் இடத்திலும் அமைகிறது. சோறு உப்பில்லாமல் வேகும். கீரையில் உப்பு பெயருக்குத்தான் இருக்கும். சட்டியில் வற்றிய மீன் கரிக்கும். நடுவில் ஒரு கிண்ணம் சாறு. இவை வாயில் சேரும்போதுதான் அளவு சரியாகிறது. இது பிடிபடாதவர்கள் ஒவ்வொரு பாத்திரத்தையும் தனித்தனியாக ருசி பார்த்து, இதில் உப்பைக் கூட்டி, அதில் தண்ணீர் ஊற்றி, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே ருசிக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். கீழே உள்ள வரிசை அந்தத் தவறைத் தவிர்ப்பதற்காக.

அளவுகள் நான்கு பேருக்கு. மேசைக்கரண்டி என்றால் 15 மி.லி., டீஸ்பூன் என்றால் 5 மி.லி.

1. அடுப்பு மூட்டும் முன் கையில் இருக்க வேண்டியவை

நுவோக் மாம், அதாவது ஃபிஷ் சாஸ், இல்லாமல் தொடங்க வேண்டாம். நெத்திலி வகை மீனையும் உப்பையும் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற எடையில் அடுக்கி, ஓராண்டு அளவுக்குப் புளிக்கவைத்து வடிப்பது இது. ஃபூகுவோக் தீவும் ஃபான் தியெத் நகரமும் இதற்குப் பேர்போனவை. புட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். மீன், உப்பு இரண்டு மட்டும் இருந்தால் நல்லது, கொஞ்சம் சர்க்கரை இருந்தாலும் பரவாயில்லை. சுவையூட்டி, நிறமூட்டி என்று பட்டியல் நீண்டால் வைத்துவிடுங்கள்.

சில புட்டிகளில் 30, 40 என்று ஓர் எண் இருக்கும். ஒரு லிட்டரில் உள்ள நைட்ரஜனைக் கிராமில் சொல்வது அது. எண் கூடினால் ருசியின் அடர்த்தியும் கூடும். 40 உள்ளதைத் தொட்டுக்கொள்ள வையுங்கள். மணிக்கணக்கில் கொதிக்கும் பண்டத்துக்கு அதை ஊற்றுவது காசைக் கரைப்பதுதான், 25-30 போதும். தாய்லாந்துப் புட்டிதான் கிடைத்தது என்றால் கால் பங்கு குறைத்துத் தொடங்குங்கள். பொதுவாக அதில் உப்பு தூக்கல்.

அரிசிக்கு மல்லிகை அரிசி. கிடைக்காத இடத்தில் பச்சரிசியைச் சற்றுக் குழைவாக வேகவைக்கலாம். புழுங்கலரிசியும் பாஸ்மதியும் உதிர்ந்து நிற்பதால் சாப்பிடும் குச்சியில் அள்ள வராது. கழுவி வடித்த ஒரு கப் அரிசிக்கு ஒன்றேகால் கப் தண்ணீர். உப்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம்.

நூடுல்ஸில் இரண்டு வகை வேண்டும். பூன் என்பது உருண்டையான மெல்லிய அரிசி நூல், அரிசி மாவுத் தாளில் சுற்றும் சுருட்டல்களுக்கு. பான் ஃபோ என்பது தட்டையான நாடா, ஃபோவுக்கு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் சாறு பிடிக்கும் விதமே மாறிவிடும்.

மற்றவை எல்லாம் தெரிந்த பொருள்கள்தான்: சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, ஊசி மிளகாய், எலுமிச்சை, புளி, சர்க்கரை, மிளகு, இளநீர். இங்கே ஓர் எச்சரிக்கை. தெற்கு வியட்நாமின் சட்டி வகைகளில் வரும் 'தேங்காய்' பெரும்பாலும் இளநீர். சமையற்குறிப்பில் தேங்காய் என்று படித்துவிட்டுத் தேங்காய்ப் பால் ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். மீன் சட்டியில் பால் ஊற்றினால் அது திரிந்து எண்ணெய் பிரியும், கேரமலின், அதாவது செம்பழுப்பாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகின், கசப்பும் அமுங்கிப்போகும்.

2. நுவோக் சம் என்ற தொட்டுக்கொள்ளும் சாறு: முதல் பாடம்

வெதுவெதுப்பான தண்ணீர் 120 மி.லி., சர்க்கரை 2 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி, ஃபிஷ் சாஸ் 2 மேசைக்கரண்டி. தண்ணீர் நான்கு பங்கு, மற்றவை ஒவ்வொரு பங்கு என்று நினைவில் வைத்தால் போதும். பூண்டு ஒரு பெரிய பல், ஊசி மிளகாய் ஒன்று.

முதலில் சர்க்கரையை வெதுவெதுப்பான தண்ணீரில் முழுக்கக் கரையுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் சர்க்கரை அடியில் தங்கிவிடும். மேலே கரிக்கும், அடியில் இனிக்கும்.

ஆறிய பிறகு எலுமிச்சையைப் பிழியுங்கள். சூட்டில் பிழிந்தால் வாசம் போய் வெறும் புளிப்புதான் மிஞ்சும். இந்த இடத்தில் ருசி பாருங்கள். உப்பில்லாத நல்ல எலுமிச்சை ஜூஸ் போல இருக்க வேண்டும். இல்லையென்றால் இப்போதே திருத்துங்கள், ஃபிஷ் சாஸ் விழுந்த பிறகு எது கூடியது எது குறைந்தது என்று நாக்குக்குத் தெரியாது.

அடுத்து ஃபிஷ் சாஸ், மேசைக்கரண்டி மேசைக்கரண்டியாக. கடைசியில் பூண்டும் மிளகாயும். கத்தியால் பொடியாக நறுக்கிப் போடுங்கள். மிக்சியிலோ துருவலிலோ கூழாக்கினால் சாறு கலங்கி, அரை மணி நேரத்தில் பூண்டு காட்டமாகக் கசக்கும். பூண்டும் மிளகாயும் மேலே மிதந்தால் சரியாக வந்திருக்கிறது.

தனியாக நக்கிப் பார்த்தால் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்க வேண்டும். உப்பில்லாத சோற்றோடும் பச்சை இலையோடும் சேரப்போகிறது அல்லவா? தெற்கே இதில் தண்ணீருக்குப் பதில் இளநீர் ஊற்றி இனிப்பைக் கூட்டுவார்கள். ஹனோய்ப் பக்கம் பூன் சா என்ற சுட்ட பன்றியிறைச்சிக்கு வைக்கும்போது வினிகர் கலந்து, வெதுவெதுப்பாக, பச்சைப் பப்பாளித் துண்டுகள் போட்டு, கிண்ணம் நிறைய வைப்பார்கள்.

வேகவைத்த கீரை, கோசுக்கு இந்த நீர்த்த சாறு எடுபடாது. அதற்குக் கலக்காத ஃபிஷ் சாஸ், இரண்டு சொட்டு எலுமிச்சை, நறுக்கிய மிளகாய். வடக்கில் வேகவைத்த கோசுக்கு ஒரு முட்டையை அவித்து, மஞ்சள் கருவை அந்தச் சாஸிலேயே மசித்துவிடுவார்கள். கெட்டியாகி, இலையில் ஒட்டிக்கொண்டு வரும். செய்ய ஐந்து நிமிடம் ஆகாது, ஒருமுறை தொட்டுப் பார்த்தவர்கள் விடமாட்டார்கள்.

3. இலைத் தட்டு

இதை அலங்காரம் என்று நினைத்து இரண்டு கொத்தமல்லிக் கொத்தோடு நிறுத்திவிடுவது பரவலான பிழை. நான்கு பேருக்கு உருவிய இலையாகவே 150 கிராமுக்குக் குறையக்கூடாது. பாதி லெட்டூஸ், மீதி வாசனை இலைகள்.

வியட்நாமில் கிடைக்கும் எல்லாம் நம் சந்தையில் கிடைக்காது. மாற்று எது என்பதை வாசம் வைத்து முடிவு செய்யுங்கள். ஹூங் குவே என்ற துளசி வகைக்குத் திருநீற்றுப்பச்சிலை நன்றாகவே பொருந்தும். கோயில் துளசி பொருந்தாது, அதன் காட்டம் வேறு. ங்கோ காய் என்ற ரம்பம் போன்ற விளிம்புள்ள நீள இலை, கேரளத்தில் ஆப்பிரிக்க மல்லி என்ற பெயரில் வீட்டுத் தோட்டங்களில் இருக்கிறது. இல்லையென்றால் கொத்தமல்லித் தண்டை நிறையச் சேருங்கள். ங்கோ ஓம் என்ற நீர்ச்செடியில் சீரக வாசமும் எலுமிச்சை வாசமும் கலந்திருக்கும். கொத்தமல்லியோடு இடித்த சீரகம் ஒரே ஒரு சிட்டிகை போட்டால் பக்கத்தில் வரும். புதினா அப்படியே புதினா. பெரில்லா என்ற வாசனை இலைக்கு மாற்று இல்லை, விட்டுவிடுங்கள்.

கழுவிய இலையை நன்றாக உதறி, துணியில் பரப்பி உலர்த்துங்கள். ஈர இலை சாற்றை நீர்க்கச் செய்யும், சுருட்டலைக் கிழிக்கும். நறுக்க வேண்டாம். சாப்பிடுகிறவர் கையால் கிள்ளிப் போடும்போதுதான் வாசம் எழும்.

4. கேரமலும் மீன் சட்டியும்

கா கோ தோ என்பது மண்சட்டியில் வற்றவைத்த மீன். இதன் நிறமும் லேசான கசப்பும் கேரமலில் இருந்து வருகின்றன. ஆகவே கேரமலைத் தனியாகப் பழகுங்கள், மீனோடு சேர்த்து முதல் தடவை முயல வேண்டாம்.

*கேரமல்.* அடி வெளுத்த, கனமான எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள். கறுப்பு நான்ஸ்டிக்கில் நிறம் தெரியாது, இங்கே நிறம்தான் கடிகாரம். சர்க்கரை 3 மேசைக்கரண்டி, தண்ணீர் 1 மேசைக்கரண்டி, மிதமான தீ. உருகிய பிறகு கரண்டி விட்டுக் கிளறாதீர்கள், பூத்துக் கட்டியாகிவிடும். பாத்திரத்தை மட்டும் சுழற்றுங்கள்.

வெளிர் மஞ்சள், தேன் நிறம், டிகாஷன் நிறம் என்று மாறிக்கொண்டே போகும். தேன் நிறத்தில் பயந்து இறக்கினால் வெறும் இனிப்புப் பாகுதான் கிடைக்கும். வியட்நாமியர் இதற்குச் சொல்லும் அடையாளம் கரப்பான்பூச்சி இறக்கையின் நிறம், செம்பழுப்பு. மெல்லிய புகை எழத் தொடங்கும் கணம் அது. அதற்கு ஒரு படி முன்பே அடுப்பை அணையுங்கள், பாத்திரத்தின் சூடு மீதியைப் பார்த்துக்கொள்ளும். உடனே 60 மி.லி. கொதிநீரை ஓரமாக ஊற்றுங்கள். ஒரு கையில் மூடியைக் கேடயமாகப் பிடித்துக்கொள்ளுங்கள், நிச்சயம் தெறிக்கும். கறுத்துவிட்டால் காப்பாற்ற முயலாமல் கொட்டிவிடுங்கள், அந்தக் கசப்பு எந்தச் சர்க்கரைக்கும் அடங்காது. ஆறியதும் புட்டியில் வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும்.

*மீன்.* மேகோங் டெல்டாவில் கெளுத்தி இனங்களும் விராலும் போடுவார்கள். 600 கிராம், இரண்டரை செ.மீ. கனத்தில் வெட்டிய துண்டுகள். மெல்லிய துண்டு அரை மணி நேரத்தில் உடைந்துவிடும். கல்லுப்பும் எலுமிச்சையும் தேய்த்து வழவழப்புப் போகக் கழுவி, துணியால் ஒற்றி எடுங்கள். ஈரம் நின்றால் கவுச்சியும் நிற்கும்.

ஃபிஷ் சாஸ் 3 மேசைக்கரண்டி, சர்க்கரை 1 மேசைக்கரண்டி, கேரமல் ஒன்றரை மேசைக்கரண்டி, நறுக்கிய சின்ன வெங்காயம் 4, பூண்டு 2 பல், இடித்த மிளகு 1 டீஸ்பூன். கலந்து அரை மணி நேரம் ஊறட்டும். இடையில் ஒருமுறை புரட்டுங்கள்.

பழக்கிய மண்சட்டியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, மீனை ஒரே அடுக்காக வைத்து, ஊறிய சாற்றையும் ஊற்றுங்கள். ஐந்து நிமிடம் மிதமான தீயில் தொடாமல் விடுங்கள். மேல் சதை இறுகினால்தான் பிறகு உடையாது. பின் சூடாக்கிய இளநீர் 200 மி.லி. கொதி வந்ததும் தீயைக் குறைத்து, பாதி மூடி, 25-30 நிமிடம். ஒரே ஒருமுறை புரட்டுங்கள். மற்ற நேரமெல்லாம் சாற்றைக் கரண்டியால் அள்ளி மேலே விட்டால் போதும்.

மூன்று நான்கு மேசைக்கரண்டி சாறு மட்டும் மிஞ்சி, பளபளவென்று மீனில் ஒட்டும்போது நிறுத்துங்கள். மேலே மறுபடி மிளகு, முழு ஊசி மிளகாய் இரண்டு, வெங்காயத்தாள்.

இந்தக் கட்டத்தில் ருசி பார்த்தால் உப்பு அதிகம் என்று தோன்றும். தண்ணீர் ஊற்றாதீர்கள்! ஒரு சிறு துண்டுக்கு நாலு வாய் சோறு என்பதுதான் இதன் கணக்கு. மீன் குழம்பு போல ஊற்றிப் பிசைவதற்கான பண்டம் அல்ல இது. மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் இதில் தேவையில்லை.

5. கான் சுவா: புளிச் சாறு

புளி, தக்காளி, வெண்டைக்காய், விரால் மீன். பட்டியலைப் பார்த்ததும் தமிழ்ச் சமையல்காரருக்குக் கை தானாகவே குழம்பு வைக்கப் போகும். இதில் அதிகம் வழுக்குவது, பொருள்களை நன்கு தெரிந்தவர்கள்தான். இங்கே புளி கொதித்துச் சுண்டக் கூடாது, தாளிப்பு கிடையாது, காய்கள் பாதிப் பதத்தில் நிற்க வேண்டும், இனிப்பு வெளிப்படையாகத் தெரிய வேண்டும்.

தேவை: விரால் தலையும் துண்டுகளும் 500 கிராம், தண்ணீர் ஒன்றரை லிட்டர், புளி 40 கிராம், அன்னாசிப்பழம் 150 கிராம், தக்காளி 2, வெண்டைக்காய் 6, நீளமான பயறு முளை 100 கிராம், சர்க்கரை 2 மேசைக்கரண்டி, ஃபிஷ் சாஸ் இரண்டரை மேசைக்கரண்டி.

அவர்கள் இதில் பஞ்சு போன்ற சேம்புத் தண்டு ஒன்றும் போடுவார்கள். அது தனி இனம். நம் கொல்லைச் சேம்பின் தண்டை அதே போல அரைப் பதத்தில் இறக்கினால் தொண்டை அரிக்கும். விட்டுவிடுங்கள்.

வரிசை இப்படி. ஆறு பல் பூண்டை நறுக்கி எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து எடுத்து வையுங்கள். புளியை வெந்நீரில் கரைத்து வடிகட்டுங்கள். தண்ணீர் கொதித்ததும் மீனைப் போட்டு, நுரையை எடுத்து, 6-8 நிமிடத்தில் வெந்ததும் மீனை வெளியே எடுத்துவிடுங்கள். தட்டில் வைத்து ஒரு மேசைக்கரண்டி ஃபிஷ் சாஸும் மிளகாயும் மேலே விட்டால் அதுவே தனி உணவாகிவிடும். மீன் உள்ளேயே இருந்தால் காய் வேகும் நேரத்தில் உடைந்து சாறு கலங்கும்.

அதே தண்ணீரில் அன்னாசியும் பாதித் தக்காளியும், மூன்று நிமிடம். புளிக்கரைசல், சர்க்கரை, ஃபிஷ் சாஸ். இப்போது ருசி: முதலில் புளிப்பு, உடனே இனிப்பு, பின்னால் உப்பு. இனிப்புத் தெரியவில்லை என்றால் தயங்காமல் அரை மேசைக்கரண்டி சர்க்கரை சேருங்கள். அன்னாசியின் இனிப்பு பழத்துக்குப் பழம் வேறு என்பதால் இங்கே அளவை நம்ப முடியாது.

சாய்வாக வெட்டிய வெண்டைக்காயும் மீதித் தக்காளியும் ஒன்றரை நிமிடம். தக்காளியை இரண்டு தவணையாகப் போடுவது ஏனென்றால் முதல் பாதி கரைந்து நிறம் தரும், இரண்டாம் பாதி துண்டாக நிற்கும். அடுப்பை அணைத்த பிறகு பயறு முளை. மேலே நறுக்கிய இலைகள், வறுத்த பூண்டு. பச்சை நிறம் மங்குவதற்குள் பரிமாறுங்கள்.

மீன் சட்டியும் புளிச் சாறும் தெற்கே இணைபிரியாத ஜோடி. ஒன்று கரிக்கும், மற்றொன்று கழுவிவிடும்.

வடக்கின் எளிய வழியும் தெரிந்திருக்கட்டும். அரைக் கிலோ வள்ளல் கீரை, இலங்கையில் கங்குன். இரண்டு லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ஒரு டீஸ்பூன் உப்பிட்டு, மூடாமல் இரண்டு நிமிடம் வேகவைத்து எடுத்துவிடுங்கள். மூடினால் பச்சை மங்கும். அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டாம். கொஞ்சம் ஆறவிட்டு எலுமிச்சை பிழிந்தால் அன்றைய சாறு அதுதான்.

6. ஒன்றரை மணி நேரத்தில் முழுச் சாப்பாடு

கேரமல் முன்பே இருந்தால், முதல் கால் மணியில் மீனைக் கழுவி ஊறவையுங்கள். ஊறும் நேரத்தில் இலைகளைக் கழுவி உலர்த்தி, காய் வெட்டி, புளி கரைத்துவிடலாம். நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் சட்டி அடுப்பில் ஏறட்டும். ஐம்பதில் சோறு. ஒரு மணி நேரத்தில் நுவோக் சம். சாறுக்கான மீனை எழுபதில் போடுங்கள். காய்கள் எல்லோரும் உட்கார்ந்த பிறகு. சட்டி மீன் காத்திருந்தால் இன்னும் நன்றாகும், கான் சுவா காத்திருந்தால் கெடும். வரிசையின் சூட்சுமம் அவ்வளவே.

7. சாப்பிடும் முறை

எல்லாம் வட்டத் தட்டில் நடுவில் இருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு கிண்ணம், குச்சி ஜோடி. அதில் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் குவித்துக்கொள்ள வேண்டாம். கிண்ணத்தில் சோறு, அதன் மேல் ஒரு துண்டு, அது முடிந்ததும் அடுத்தது. கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிடுவதே மரியாதையான பழக்கம்.

நுவோக் சம்மைச் சோற்றின் மேல் ஊற்றாமல், உணவை எடுத்து அதன் கிண்ணத்தில் தொட்டுக்கொள்ளுங்கள். கான் சுவாவை இடையிடையே குடிக்கலாம். கடைசியில் மிஞ்சிய சோற்றில் ஊற்றி முடிப்பது வழக்கம்.

விருந்தாளியாகப் போனால் மூன்று விஷயம் போதும். பெரியவர்கள் தொடங்கும்வரை காத்திருங்கள். வீட்டின் சிறியவர்கள் பெரியவர்கள் ஒவ்வொருவரையும் உறவு சொல்லிச் சாப்பிட அழைப்பதை அவசரப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள். குச்சியைச் சோற்றில் செங்குத்தாக நடாதீர்கள், இறந்தவருக்கு ஏற்றும் ஊதுபத்தியை அது நினைவூட்டும்.

8. கோய் குவோன்: பச்சைச் சுருட்டல்

பார்க்க எளிது. பிழைகள் எல்லாம் அரிசித்தாளை நனைப்பதில்தான்.

12 சுருட்டலுக்கு: 22 செ.மீ. அரிசித்தாள் 12, நடுத்தர இறால் 18, வேகவைத்த பன்றி வயிற்றிறைச்சி 200 கிராம் (கோழி நெஞ்சும் ஆகும்), உலர்ந்த பூன் 150 கிராம், லெட்டூஸ், புதினா, வெங்காயத்தாள்.

இறாலை இரண்டு நிமிடம் வேகவைத்து, உரித்து, முதுகுவழியே இரண்டாகப் பிளந்துகொள்ளுங்கள். இறைச்சியைத் தாள் போல மெல்லியதாக வெட்டுங்கள். பூன் நூலை வேகவைத்து, குளிர்ந்த நீரில் அலசி, வடிகட்டியில் அரை மணி நேரம் விடுங்கள். நீர் சொட்டும் நூல் தாளைக் கரைக்கும்.

அரிசித்தாளைச் சாதாரணத் தண்ணீரில் இரண்டு மூன்று நொடி மட்டும் நனைத்து, இன்னும் விறைப்பாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். பலகையில் வைத்த பிறகு அது தானே அரை நிமிடத்தில் இளகும். மெதுவாகும்வரை தண்ணீரிலேயே வைத்தால் சுருட்டும்போது கையோடு கிழியும். வெந்நீரும் வேண்டாம். பலகை பிளாஸ்டிக்காக இருக்கட்டும், துணியில் ஒட்டும்.

உங்கள் பக்கத்து மூன்றில் ஒரு பாகத்தில் லெட்டூஸ், அதன் மேல் பூன், புதினா, இறைச்சி. இறுக்கமாக ஒரு சுற்று. இப்போது சுற்றிய பகுதிக்கு முன்னால், சிவந்த முதுகு கீழ்நோக்கி இருக்குமாறு மூன்று இறால் பாதிகள். இரு ஓரங்களையும் மடித்து, வெங்காயத்தாள் ஒன்றை நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்துச் சுருட்டி முடியுங்கள். இறால் கடைசியாக வருவதால் ஒரே அடுக்குத் தாளின் வழியே நிறம் தெரியும். முதலிலேயே வைத்தால் நடுவில் புதைந்துவிடும்.

சுருட்டல்கள் ஒன்றையொன்று தொடாமல் அடுக்குங்கள், தொட்டால் பிரிக்கும்போது கிழியும். குளிர்பெட்டியில் தாள் தோலாக இறுகும். இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள்.

தொட்டுக்கொள்ள: ஹாய்சின் சாஸ் (சோயாவில் செய்த கெட்டியான இனிப்புச் சாஸ்) 4 மேசைக்கரண்டி, வேர்க்கடலை வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, தண்ணீர் 80 மி.லி. வதக்கிய பூண்டில் விட்டு ஒரு கொதி. மேலே இடித்த வேர்க்கடலை, மிளகாய். நுவோக் சம்மும் வைக்கலாம்.

9. ஃபோ: கோழியில் தொடங்குங்கள்

மாட்டு எலும்பு ஃபோவுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கோழி ஃபோ மூன்று மணியில் முடியும், அதே நுணுக்கங்கள் எல்லாம் அதிலும் உண்டு. ஹனோயில் இதற்கென்றே தனிக் கடைகள் இருக்கின்றன, குறைந்த ரகம் என்று நினைக்க வேண்டாம்.

ஆறு பேருக்கு: 1.6 கிலோ முழுக் கோழி, கூடவே கோழிக் கால், முதுகெலும்பு 500 கிராம், தண்ணீர் 4 லிட்டர், பெரிய வெங்காயம் 2, இஞ்சி 80 கிராம், கொத்தமல்லி விதை 1 மேசைக்கரண்டி, அன்னாசிப்பூ 2, பட்டை 3 செ.மீ., கிராம்பு 2, கற்கண்டு 20 கிராம், உப்பு 1 மேசைக்கரண்டி, ஃபிஷ் சாஸ் 3 மேசைக்கரண்டி, உலர்ந்த பான் ஃபோ 480 கிராம்.

*எலும்பைக் கழுவுதல்.* கால், எலும்பை வேறு பாத்திரத்தில் கொதிநீரில் மூன்று நிமிடம் போட்டு, அந்த நீரைக் கொட்டி, எலும்பைக் குழாயடியில் தேய்த்துக் கழுவுங்கள். சாம்பல் நிற நுரைதான் சாற்றைக் கலக்குவது. இந்தப் படியைத் தாண்டியவர்கள் பிறகு எத்தனை தடவை வடிகட்டினாலும் தெளிவு வராது.

*சுடுதல்.* வெங்காயத்தையும் இஞ்சியையும் தோலோடு நேரடி நெருப்பில் தோல் கரியும்வரை சுட்டு, கருகியதை உரித்து எடுங்கள். வேண்டியது உள்ளே வெந்து இறங்கிய இனிப்பு. கரி ஒட்டியிருந்தால் சாறு கறுக்கும்.

*கோழி.* முழுக் கோழி, எலும்பு, சுட்ட வெங்காயம், இஞ்சி, உப்பு, கற்கண்டு எல்லாம் 4 லிட்டர் நீரில். கொதி வந்ததும் தீயைக் குறைத்து, ஓரத்தில் மட்டும் குமிழி வருமாறு 35-40 நிமிடம். தொடையின் கனத்த இடத்தில் 74 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். தளதளவென்று விட்டால் கொழுப்பு உடைந்து சாற்றில் கலந்து பால் போலாகும், தோலும் கிழியும். பிரஷர் குக்கர் வேண்டாம் என்பதற்கும் அதுவே காரணம்.

வெந்த கோழியைப் பத்து நிமிடம் ஐஸ் தண்ணீரில் அமிழ்த்துங்கள். தோல் இறுகி மஞ்சள் பளபளப்பு நிற்கும், சதை உலராது. சதையைப் பிரித்துவிட்டு எலும்பை மறுபடி சாற்றில் போட்டு இன்னும் ஒன்றரை மணி நேரம் சிறு தீயில் விடுங்கள்.

*மசாலா.* வெறும் வாணலியில் இரண்டு நிமிடம் வறுத்து, துணியில் கட்டி, கடைசி 45 நிமிடத்துக்கு மட்டும். இந்த வரியைத்தான் பிரியாணி பழகிய கை மீறும். அன்னாசிப்பூ நான்கு, ஏலக்காய் இரண்டு என்று ஏற்றினால் குஸ்கா வாசம்தான் வரும். குடித்தவர் முதலில் கோழியை உணர வேண்டும், மசாலா இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் அளவு சரி.

வடிகட்டி, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்து, இரண்டு மேசைக்கரண்டியைத் தனியே வையுங்கள். ஃபிஷ் சாஸ் இப்போதுதான். சாறு மட்டும் குடித்தால் ஒரு சிட்டிகை உப்பு கூடுதலாகத் தெரிய வேண்டும், நூடுல்ஸில் உப்பே இல்லை.

*நூடுல்ஸ்.* குளிர்ந்த நீரில் 30 நிமிடம் ஊறவைத்து, பரிமாறும் நேரத்தில் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனித்தனியாகக் கொதிநீரில் 20-30 நொடி. முன்கூட்டியே வேகவைத்தால் ஒரே கட்டி. சாற்றுப் பானையிலேயே வேகவைத்தால் மாவு கலந்து இத்தனை நேரம் காத்த தெளிவு போய்விடும்.

*அடுக்குதல்.* வெந்நீரில் சூடாக்கிய கிண்ணம், நூடுல்ஸ், கோழி, தாள் போல அரிந்த வெங்காயம், வெங்காயத்தாள், கொத்தமல்லி. எலுமிச்சை இளந்தளிரின் நடு நரம்பை நீக்கி, நூலாக அரிந்து நாலைந்து இழை. இது கோழி ஃபோவுக்கே உரிய வாசம், விடாதீர்கள். தனியே வைத்த கொழுப்பு அரை டீஸ்பூன். கொதிக்கும் சாறு 400-450 மி.லி.

சாப்பிடும்போது முதலில் சாறு மட்டும் ஒரு வாய். பிறகு எலுமிச்சை, மிளகாய். ஹனோயில் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். சைகோனில், அதாவது ஹோ சி மின் நகரில், பயறு முளை, திருநீற்றுப்பச்சிலை வகை இலைகள், ஹாய்சின், மிளகாய் சாஸ் எல்லாம் பக்கத்தில் வரும். சாஸைச் சிறு தட்டில் ஊற்றிக் கோழியைத் தொட்டுக்கொள்ளுங்கள். கிண்ணத்திலேயே பீய்ச்சினால் மூன்று மணி நேர வேலை ஹாய்சின் ருசியில் மூழ்கிவிடும். பேசிக்கொண்டே ஆறவிட்டால் நூடுல்ஸ் சாற்றை உறிஞ்சி உப்பும், ஃபோ வேகமாகச் சாப்பிடும் உணவு.

10. சைவமாகச் செய்ய

வியட்நாமிய பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் 1, 15ஆம் நாள்களில் சைவம் சாப்பிடுவதால் இது ஒட்டுப்போட்ட ஏற்பாடு இல்லை, தனிச் சமையல் மரபே இருக்கிறது. ஃபிஷ் சாஸுக்கு அதே அளவு சோயா சாஸ் ஊற்றுவதுதான் பிழை, நிறமும் வாசமும் மாறிவிடும். அன்னாசி 100 கிராம், தண்ணீர் 200 மி.லி., உப்பு 2 மேசைக்கரண்டி, வெளிர் சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி சேர்த்து 15 நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். புளித்த பழ வாசம் அந்த இடத்தை ஓரளவு நிரப்பும். மீனுக்குப் பதில் பொரித்த டோஃபுவும் காளானும். சட்டியில் 15 நிமிடம் போதும்.

11. மிஞ்சியவை

சட்டி மீன் மறுநாள் கூடுதல் ருசி. சூடாக்கும்போது ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளியுங்கள். ஃபோ சாற்றை நூடுல்ஸ் இல்லாமல் உறையவைத்தால் ஒரு மாதம் தாங்கும், மறுபடி கொதித்த பிறகு ஃபிஷ் சாஸ் சில சொட்டு புதிதாக விடுங்கள். எலுமிச்சையும் பூண்டும் போடாத நுவோக் சம் குளிர்பெட்டியில் ஒரு வாரம் இருக்கும். கான் சுவாவும் சுருட்டல்களும் அன்றே தீர வேண்டியவை, ஆள் எண்ணிச் செய்யுங்கள்.